இம்பிச்சிக்கோயாவின் அனுமதி

"நான் பாடினப்போ நடுக்கடல்ல போய்க்கிட்டிருந்த கப்பல் நின்னுச்சு" என்று இம்பிச்சிக்கோயா சொன்னதும், வலியங்காடிக் கடைத்தெருக் கொப்பரைக் கிடங்கின் மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த சங்கீத கிளப்காரர்கள் அத்தனை பேரும் சுலைமானி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்கள். போன வருஷம் வரைக்கும் அந்தப் பாட்டுக்கு லாரிகள்தான் நின்றிருந்தன. அதற்கு முந்தி கைவண்டிகள். ஆதியில், அதாவது கதை கைக்குழந்தையாக இருந்த நாளில், தெருவில் தலையில் மூட்டையோடு போன சுமைக்காரர்கள் மட்டும்தான் நின்றார்கள். இம்பிச்சிக்கோயா கொப்பரைத் தரகர். சரக்கைக் கையில் எடுத்தால் விலையை ஏற்றாமல் கீழே வைக்கத் தெரியாது. இப்போது கப்பல் வரைக்கும் வந்துவிட்டது. கப்பல் தலைவன் அரபிக்காரன் என்றும், கண்ணைத் துடைத்துக்கொண்டு பேரீச்சம்பழ மூட்டை ஒன்றைப் படகில் இறக்கி அனுப்பினான் என்றும், அதன் கொட்டைகளில் ஒன்றுதான் இன்றைக்கும் தன் வீட்டுக் கொல்லையில் மரமாக நிற்கிறதென்றும் அவர் சேர்த்துக்கொண்டார்.

கிளாஸைக் கீழே வைக்காத ஒரே ஆள் சாமிக்குட்டி.

"அன்னைக்கு மழை, கோயா. மழைக்கு ஒதுங்கி நின்னவனையெல்லாம் உன் கணக்குல சேத்துக்கிட்டா, நம்ம ஊர்ல வருஷத்துல பாதி நாள் உன் பாட்டுக்குத்தான் எல்லாரும் நிக்கறாங்க."

மாடி சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பும் இம்பிச்சிக்கோயாவின் பக்கமே சாய்ந்து விழுந்தது. எப்போதும் அப்படித்தான். சாமிக்குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த மாடியில் ஹார்மோனியம் அவருடையது, நல்ல குரலும் அவருடையது. சனிக்கிழமை தவறாமல் பாடுவார். மேல் ஸ்தாயியில் அவர் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினால் கிடங்குப் பூனைகூட எலியை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கும். 'வாஹ்' என்பார்கள். வாஹ் என்று சொல்லி முடித்த வாயோடு, "இம்பிச்சிக்கா, அந்தக் கப்பல் விஷயத்தக் கொஞ்சம் சொல்லுங்க" என்று அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள். வாழ்நாளெல்லாம் பாடியவனுக்கு ஒரு வாஹ். ஒரே ஒரு தடவை பாடியவனுக்குக் கப்பல். சாமிக்குட்டியின் பொறாமை அவர் வீட்டில் ஓர் ஆளைப் போலவே வளர்ந்திருந்தது. காலையில் அவரோடு எழுந்து பல் துலக்கியது. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அயக்கூறை மீனின் நடுத்துண்டு இந்நேரம் இம்பிச்சிக்கோயாவின் தட்டில்தான் விழுந்திருக்கும் என்று காதில் சொன்னது. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலி இம்பிச்சிக்கோயாவுக்கு எப்படிக் கிடைக்கிறது, அவருடைய வெள்ளைச் சட்டை மட்டும் ஏன் கசங்குவதில்லை, சர்க்கரை நோய் ஏன் அவர் வீட்டுத் தெரு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப்போனது என்று எல்லாவற்றையும் அது விசாரித்து வைத்திருந்தது.

இதிலெல்லாம் மோசமானது ஒன்று உண்டு. அந்தப் பாட்டு உண்மை என்பது சாமிக்குட்டிக்குத் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கேசட் காலத்தில், ஒரு மிதுன மாத மழைச் சாயங்காலம் அது. கரண்டு இல்லை. பாட வேண்டியவர் கல்லாய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார். கூடியவர்கள் கலைந்துபோகக் கூடாதே என்று, சும்மா கேட்க வந்திருந்த இளவயசு இம்பிச்சிக்கோயாவைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவர் குளியலறைக்கு வெளியே பாடியறியாதவர். ஹார்மோனியப் பெட்டியைச் சாமிக்குட்டி வாசித்தார். அவருடைய டேப் ரெக்கார்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஊரை விட்டு எங்கோ போய்விட்ட ஒருவனுக்காக விளக்குத் திரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு காத்திருக்கும் பெண்ணைப் பற்றிய உருதுப் பாட்டு அது. அப்புறம் நடந்தது நடந்தது. அன்றைக்கு வந்த குரல் மறுபடி இம்பிச்சிக்கோயாவுக்கு வரவே இல்லை. அடுத்த சனிக்கிழமை ஆசையாகப் பாடிப் பார்த்தார், தகரத்தில் ஆணி இழுத்தாற்போல் இருந்தது. ஏதோ வழிதவறி அவர் தொண்டையில் ஒரு மணி நேரம் தங்கிவிட்டுப் போன விருந்தாளி அது. மறுநாள் அவர் சாமிக்குட்டியின் வீட்டு வாசலில் வந்து நின்று, டேப்பில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டார். "பேட்டரி தீந்துபோச்சு, கோயா" என்றார் சாமிக்குட்டி. அன்று அங்கே இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். சாட்சி இல்லாத பாட்டுக்கு இம்பிச்சிக்கோயா தானே சாட்சியாகி, கைவண்டி, லாரி, கப்பல் என்று ஏறிக்கொண்டே போனார்.

பேட்டரி தீரவில்லை. கேசட்டுகளையெல்லாம் பிற்காலத்தில் சாமிக்குட்டி பொறுமையாகக் கணினியில் ஏற்றினார். கிளப்பின் கச்சேரிகளுக்கு 'பழைய மெஹ்பில்' என்று ஒரு பெரிய ஃபோல்டர், அதற்குள் பாடகர்களின் பெயரில் சின்ன ஃபோல்டர்கள். தன் பெயரில் இருந்ததைத் திறந்தால் பாட்டுகள் முடிவில்லாமல் இறங்கிக்கொண்டே போகும். இம்பிச்சி என்ற பெயரில் இருந்ததில் ஒரே ஒரு பாட்டு. அதை அழிக்க அவர் முயற்சி செய்யாமல் இல்லை. நிச்சயமாக அழிக்கலாமா என்று கணினி கேட்கும். அவர் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேண்டாம் என்பதை அழுத்துவார். மனைவி கோயிலுக்குப் போன சமயங்களில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பார். பாட்டில் ஓர் இடம் வரும். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டு எழுந்துபோய்க் குளிர்ந்த தண்ணீர் குடிப்பார்.

கிளப்புக்குப் பொன்விழா வந்தது. காரியதரிசி தேவயானி டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஓய்வு பெற்றது பள்ளிக்கூடம்தான் என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள். பழைய மெஹ்பில்கள் எல்லாவற்றையும் கிளப்பின் புதுக் கணினியில் ஏற்ற வேண்டும், விழாவன்று தெருவுக்கே கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டார். சாமிக்குட்டிக்கு நெஞ்சு விம்மியது. தன் குரல் வலியங்காடி முழுக்கக் கேட்கப்போகிறது. சுமைக்காரர்கள் நிற்கட்டும். யாருக்காக நிற்கிறார்கள் என்று இம்பிச்சிக்கோயா பார்க்கட்டும். ஆனால் அந்தச் சின்ன ஃபோல்டர்?

அதே நேரத்தில் அவருடைய வீட்டுக் கணினியைப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்று மகள் கண்ணூருக்கு எடுத்துப்போக வந்திருந்தாள். அவசரமாகப் பாட்டுகளை எல்லாம் ஒரு தனி டிஸ்க்கில் மாற்றினார். கடைசியாக அந்தச் சின்ன ஃபோல்டருக்குப் பூட்டு. ஃபோல்டர்களைப் பூட்டுவதற்கு ஒரு வழி அவருக்குத் தெரியும். யார் யாருக்கு அனுமதி என்ற பட்டியலைத் திறந்து, 'எல்லோரும்' என்ற பெயரைச் சேர்த்து, அனுமதியை மறுக்கும் 'மறு' என்ற கட்டங்களில் எல்லாம் டிக் போட்டால் தீர்ந்தது. எவனும் திறக்க முடியாது, எவனும் நகலெடுக்க முடியாது. வாசலில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். டிக், டிக், டிக் என்று போட்டு, சரி என்று அழுத்தி, டிஸ்க்கைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கணினி காரில் ஏறிப் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் மாடிக்குப் போனபோது அவருக்கு இன்னொரு வேதனை காத்திருந்தது. புதுக் கணினி ஷார்ஜாவில் கடை வைத்திருக்கும் ஒரு பழைய உறுப்பினரின் அன்பளிப்பு. அது வந்து இறங்கிய நாளில் சாமிக்குட்டி தலச்சேரியில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். முதன்முதலாக உயிர் வந்ததும் அது பெயர் கேட்டிருக்கிறது. யார் பெயரைக் கேட்டாலும் தன் பெயரையே சொல்லிப் பழகிய இம்பிச்சிக்கோயா எதிரே உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டார். டீச்சர் அடித்துவிட்டார். இப்போது அதைத் திறந்தால் நீலவானத்தின் நடுவில் இம்பிச்சியை வருக வருக என்று வரவேற்றது. ரகசியச் சொல்லையும் இம்பிச்சிக்கோயாதான் அடித்தார், தொப்பியைக் கழற்றி விரல்களை மூடிக்கொண்டு, சுற்றியிருந்தவர்களை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொல்லி.

சாமிக்குட்டி டிஸ்க்கைச் சொருகி, 'பழைய மெஹ்பில்' ஃபோல்டரைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் போட்டார். அது ஏறவில்லை. இந்த ஃபோல்டரைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லை என்றது திரை. மறுபடி இழுத்தார். மறுபடி அதையே சொன்னது. உள்ளே என்ன இருக்கிறது என்றாவது பார்க்கலாம் என்று திறந்தார். பார்க்கவும் அனுமதி இல்லை. பூட்டியது உள்ளே இருந்த சின்னதை அல்லவா, வாசல் கதவு எப்படிப் பூட்டிக்கொண்டது? அந்த ஹாரன் சத்தம் அப்போது ஞாபகம் வந்தது. அவசரத்தில் சின்னதற்குப் பதில் பெரியதன் மேல் டிக் போட்டிருக்கிறார். அது மேலிருந்து கீழ் வரைக்கும் அத்தனை பாட்டுகளின் மேலும் இறங்கிவிட்டது. எல்லோருக்கும் மறுப்பு. அந்த எல்லோரில் தானும் ஒருத்தன் என்பது டிக் போட்ட கைக்குத் தோன்றவே இல்லை.

வராந்தாவுக்குப் போய் மகளைக் கூப்பிட்டார். அந்தப் பழைய கணினியில் அவர் பெயரில் நுழைந்தால் போதும், பூட்டியவனே திறந்துவிடலாம். "அத நேத்தே துடைச்சு, பிள்ளைங்களுக்கு கேம் ஏத்திட்டேன் அச்சா" என்றாள் அவள்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். ஃபோல்டரின் உரிமையாளர் யார் என்று பார்த்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீண்ட எண் இருந்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டு ஆளும் ஊரைவிட்டுப் போன பிறகு எக்ஸ்சேஞ்சில் மிச்சமிருக்கும் நம்பர்களை அவர் பார்த்திருக்கிறார். இந்த நம்பர் அவரேதான். இருக்கிற ஒரே வழி, உரிமையாளரை மாற்றுவது. தன் பெயரை அடித்தார்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வகுப்பில் வாசிப்பதுபோல் உரக்க வாசித்தார்: "சாமிக்குட்டின்னு ஒருத்தரக் கண்டுபிடிக்க முடியல. பேரச் சரிபாருங்கன்னு சொல்லுது."

பாயில் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். தபலாக்காரருக்குப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியிருந்தது. சிரிப்பு அடங்கியதும் டீச்சரே கேட்டார், அந்தக் கணினிக்கு யாரைத்தான் தெரியும் என்று. பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இம்பிச்சிக்கோயா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பல்லக்கிலிருந்து இறங்குகிறவர்போல் நாற்காலியை விட்டு எழுந்தார்.

சாமிக்குட்டியின் தலைக்குள் அந்த நிமிஷத்தில் ஓடியது கொஞ்சநஞ்சமல்ல. தன் பெயரில் தனியாக ஒரு கணக்குத் திறக்கலாம், அதற்கும் தொப்பிக்குக் கீழே இருக்கும் ரகசியச் சொல்தான் வேண்டும். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிக் கல்லாய் ஆற்றில் போட்டுவிடலாம். அந்தப் பாட்டு ஒழியும். கூடவே தானும் ஒழிவார். தொண்டை நன்றாக இருந்த வயசில் பாடியதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. இப்போது மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஏணியில் ஒரு படி இல்லாததுபோல் கால் தடுமாறுவது அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இன்னும் தெரியாது. அந்தக் குரல் வேண்டுமானால், அதன் உரிமையாளர் இம்பிச்சி என்று எழுத வேண்டும். எழுதினால் சின்னக் கதவும் சேர்ந்து திறக்கும். அவருக்கு அழுகை வருவதுபோல் இருந்தது. அதைவிட அதிகமாக, எதிரே நிற்கிறவருடைய கசங்காத சட்டையில் சுலைமானியைக் கொட்ட வேண்டும்போல் இருந்தது.

"வாயத் தொறந்து கேளு" என்றார் இம்பிச்சிக்கோயா. "இத்தன வருஷப் பாட்டுக்கும் சாவி என் இடுப்புல. கேட்டாத் தரமாட்டேன்னா சொல்லப்போறேன்?"

"குடு, கோயா."

"சத்தம் வரல. பாடறப்ப கடற்கரை வரைக்கும் கேக்குதே."

"குடுய்யா!"

தொப்பி கழன்றது. எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். சாமிக்குட்டி உரிமையாளர் இடத்தில் இம்பிச்சி என்று தன் கையாலேயே அடித்தார். உள்ளே இருப்பவை எல்லாவற்றுக்கும் சேர்த்தா என்று கணினி கேட்டது. ஆமாம். பாட்டுகளின் பெயர்கள் திரையில் மேலிருந்து கீழே ஓடின, ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டு. இப்போது பட்டியல் கண்ணில் தெரிந்தது. 'எல்லோரும்', எதிரே 'மறு'. டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு, இது எப்படி இங்கே வந்தது என்பதுபோல் சாமிக்குட்டியின் முகத்தைப் பார்த்தார். அவர் அந்த டிக்குகளை எடுத்தார். ஃபோல்டர் திறந்தது. சின்னச் சின்ன மஞ்சள் பைகள் வரிசையாக நின்றன. இரண்டாவது பைக்கு மேல் டீச்சரின் விரல் வந்து நின்றது.

"இம்பிச்சிக்கா பேர்லயும் ஒண்ணு இருக்கே?"

சுமை இறங்கும் சத்தம் மட்டும் கீழே கேட்டது. இம்பிச்சிக்கோயா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். எழுத்தைத் தடவிப் பார்ப்பதுபோல் கண்ணாடியில் விரல் வைத்தார். நிமிர்ந்தபோது அவருக்கு அந்தக் கப்பல்கார முகம் இல்லை.

"பேட்டரி தீந்துபோச்சுன்னு சொன்னியேடா?"

"தீரல" என்றார் சாமிக்குட்டி.

இனி அடி விழும், அல்லது காலத்துக்கும் ஊர் சிரிக்கும் என்று அவர் காத்திருந்தார். இரண்டும் நடக்கவில்லை. இம்பிச்சிக்கோயா அவர் பக்கத்தில், பாயில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "போடாத" என்றார். "கப்பல் வரைக்கும் கொண்டாந்துட்டேன். இப்ப போட்டா, வெறும் சாதாரணத் தொண்டையா இருந்துச்சுன்னு வெச்சுக்க. அப்புறம் எனக்கு என்னடா இருக்கு?"

சாமிக்குட்டி திரும்பிப் பார்த்தார். இத்தனை காலமும் தன் தூக்கத்தைத் தின்ற மனிதன், தான் பாடியது நிஜந்தானா என்றுகூடத் தெரியாமல் இவ்வளவு வருஷமும் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். போட வேண்டாம் என்று அவனே கேட்கிறான். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், நிச்சயமாக அழிக்கலாமா என்று கணினி கேட்கும். இந்தத் தடவை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கை அந்தப் பக்கம் போகத்தான் போனது. போன கை எதனாலோ வழி மாறி, அந்தப் பாட்டின் மேல் இரண்டு தடவை தட்டிவிட்டது.

முதலில் மழை. ஓட்டுக் கூரையில் கொட்டும் பழைய மழை. அப்புறம் அவருடைய பெட்டி, இளமையாக, கொஞ்சம் திமிராக. அடியில், விட்டு விட்டு, 'தொம்' என்று கிடங்குப் பலகையில் மூட்டை விழும் சத்தம். மழையிலும் வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பிறகு அந்தக் குரல் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தபலாக்காரர் பீடியைப் பற்றவைக்க எடுத்த தீக்குச்சியைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார், அது எரிந்து விரலைச் சுடும்வரை. விளக்கைக் குறைக்கிற வரி வந்தது. தொம். மறுபடி அதே வரி, இன்னும் கொஞ்சம் இறக்கி. அதற்கப்புறம் மூட்டை விழவில்லை. ஒன்றும் விழவில்லை. மழை மட்டும் பெய்தது. சாமிக்குட்டி எப்போதும் நிறுத்துகிற இடம் இதுதான். இன்று அவர் நிறுத்தவில்லை. அவருடைய வலதுகை விரல்கள் மேஜைமேல் அந்தப் பழைய வாசிப்பைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் அப்படியே நின்றன. அதே இடத்தில் பாட்டுக்குள் பெட்டியும் நின்றது. குரல் தனியாக, துணைக்கு ஒரு சுரமும் இல்லாமல், போய்க்கொண்டே இருந்தது.

பாட்டு முடிந்தது. வெகுநேர மழைக்குப் பிறகு, தெருவிலிருந்து யாரோ ஒருவன் மேலே பார்த்துக் கத்துவது அந்தப் பதிவின் கடைசியில் மெல்லிசாகக் கேட்டது: "மேல இருக்கறவரே, இனி மூட்டை எடுக்கலாமா?"

இம்பிச்சிக்கோயா தொப்பியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டை முழங்கால் மடிப்பில் சிக்கிக் கசங்கிக்கிடந்தது. டீச்சர்தான் சந்தேகம் கேட்டார், வகுப்பில் விடை தெரிந்துகொண்டே கேட்கிற குரலில். நடுவில் பெட்டி ஏன் நின்றது என்று.

"கை நின்னுபோச்சு, டீச்சர்" என்றார் சாமிக்குட்டி. மேஜைமேல் இருந்த விரல்களை இன்னும் எடுக்கவில்லை. "மூட்டை நின்னுச்சு. தெரு நின்னுச்சு. இந்தக் கோயா சொல்றதெல்லாம் நடந்ததுதான்." கொஞ்சம் யோசித்தார். "கப்பல் மட்டும் பொய்."